புளிக்காத தயிரும் இரத்தபேதியும்

சென்னிமலை முருகனுக்கு அபிஷேகம் செய்த தயிர் புளிப்பதேயில்லை என்பதாக வெகுகாலமாய்ச் சொல்லப்பட்டு வருகின்றது. 1320 படி ஏறி, அந்த அற்புதத்தைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்குகிறவர்களும் உண்டு. இருக்கட்டும். பாலைத் தயிராக்குவதும் தயிரைப் புளிக்க வைப்பதும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே. கிருமியை அடக்கும் சக்தி சுவாமிக்கு உண்டென்றால், அதை ஒரு கிண்ணம் தயிரிடம் காட்டுவானேன்? அடிவாரத்து வீட்டில் வயிறு முறுக்கி, சீதமும் இரத்தமுமாய்ப் போய்ச் சுருண்டு கிடக்கும் குழந்தையின் குடலில் காட்டினாலென்ன என்று கேட்கின்றோம்.

அப்படிப்பட்ட பிள்ளைக்கு நம் ஜனங்களில் பலர் இன்னமும் செய்வதென்ன? தோஷம் என்கிறார்கள், தொக்கம் எடுக்கிறார்கள், மந்திரித்துத் திருநீறு போடுகிறார்கள், உடம்புச் சூடு என்று இரண்டு நாள் பார்க்கிறார்கள். அந்த இரண்டு நாளில்தான் பிள்ளை போய்விடுகிறது.

1897-ல் ஜப்பானில் இப்பேதி பல்லாயிரம் பேரை வாரிக்கொண்டபோது, கியோஷி ஷிகா என்ற வைத்தியர் நோயாளிகளின் மலத்தையே சோதித்துக் கிருமியைக் கண்டுபிடித்தார். அவர் பெயராலேயே அது ஷிகெல்லா எனப்படுகின்றது. அமீபாவாலும் வேறு சில கிருமிகளாலும்கூட இரத்தம் போவதுண்டு. ஆனால் ஷிகெல்லாவுக்குப் பத்து முதல் நூறு கிருமி உள்ளே போனாலே போதும். ஒருவன் மலம் கையிலோ, ஈக்காலிலோ, தண்ணீரிலோ ஏறி இன்னொருவன் வாய்க்குப் போவதுதான் அதன் வழி. பக்கத்து மலையாள நாட்டில், காசர்கோடு ஜில்லா செறுவத்தூரில், 2022 மே மாதம் கடைச் சவர்மாவைத் தின்று பலர் படுத்தார்கள்; ஒரு மாணவி மாண்டாள். சோதனையில் கண்டது இந்த ஷிகெல்லாவைத்தான்.

நிற்க, தீட்டென்றால் நமக்குத் தெரியாததா? தூரமான பெண் தீட்டு. சாவு வீடு தீட்டு. டீக்கடையில் ஆதித்திராவிடருக்கும் அருந்ததியருக்கும் தனிக் குவளை வைத்ததும் தீட்டுக்காகவே. குவளையைத் தள்ளி வைத்தவன் தன் விரல் நகத்தைப் பார்த்தானா? கொல்லைக்குப் போய் வந்து, சோப்புப் போடாமல் வெறுந்தண்ணீரில் நனைத்த மேல்ஜாதிக் கை மட்டும் தீட்டில்லையாம்! அந்தக் கை பிரசாதம் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டுமாம்!

மலத்தில் இரத்தம் கண்டால் அன்றைக்கே பிள்ளையைச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். ஓ.ஆர்.எஸ். கரைசல் உடம்பு வற்றாமல் காக்கும், கிருமியைக் கொல்லாது. அதற்கு மருந்து டாக்டர்தான் சொல்லவேண்டும். கடையில் கேட்டு வாங்கிய, பேதியைக் கட்டும் மாத்திரை ஆபத்து. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மலைக்கு நேர்ந்துகொண்டிருந்தால், பிள்ளை தேறிய பிறகு சாவகாசமாய் ஏறிக்கொள்ளுங்கள். படிகள் எங்கும் போய்விடாது.