சத்தம் போடும் டார்ச் லைட்: நம்பி வாங்கலாமா?

பட்டனை அழுத்தினால் வெளிச்சம். வளையத்தை இழுத்தால் ‘வீல்’ என்று அலறல்! இருட்டில் வழி காட்டுவதோடு, ஆபத்து வந்தால் ஆள் கூப்பிடவும் செய்யும் டார்ச் லைட்டுகள் கடைக்கு வந்துவிட்டன.

எவரெடி கம்பெனி 2024-ல் ‘சைரன் டார்ச்’ என்று ஒன்றை விட்டது. பெண்கள் பாதுகாப்புக்கு என்று விளம்பரம். சாவி வளையத்தை இழுத்தால் 100 டெசிபல் சத்தம் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. இது போக ‘ராணுவ லைட்’, ‘போலீஸ் லைட்’ என்று கம்பீரமான பெயர்களில், சார்ஜ் போடுகிற ரகங்களும் உண்டு. ராணுவத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது!

விருத்தாசலத்தை அடுத்த நல்லூர் பக்கத்துக்கு இது வேண்டாத பொருள் அல்ல. மெயின் போர்டில் மாட்டுகிற பீங்கான் ஃபியூஸ் கட்டையை ஊர் ஊராகச் செய்து அனுப்புவது விருத்தாசலம் வட்டாரம். அங்கேயும் கரண்ட் போனால் டார்ச் லைட்டைத்தான் தேட வேண்டும். 2011 டிசம்பர் 30-ந்தேதி ‘தானே’ புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, கம்பங்கள் சாய்ந்து கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

பீங்கான் பட்டறையில் வேலை முடித்துக் கடைசி பஸ்சில் வந்து இறங்கும் பெண். ராத்திரி வயலுக்கு மோட்டார் போடப் போகும் விவசாயி. இரண்டு பேருக்கும் இருட்டு ஒன்றுதான். ஆனால் ஆபத்து ஒன்றல்ல. இரண்டு பேருக்கும் ஒரே லைட்டைத் தூக்கிக் கொடுப்பதில்தான் கோளாறு.

எங்கே நின்று அளந்தது?

முதலில் அந்தப் பெண்ணின் சங்கதி. 100 டெசிபல் என்பது லேசான சத்தம் இல்லை. காதருகே வைத்தால் காதே வலிக்கும். ஆனால் அது எவ்வளவு தூரத்தில் நின்று அளந்த சத்தம்? விஷயமே அதில்தான் இருக்கிறது.

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 100 என்றால் 10 மீட்டரில் 80. 100 மீட்டரில் 60. அறுபது என்பது இரண்டு பேர் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுகிற சத்தம். அதே 100-ஐப் பத்து சென்டிமீட்டரில் வைத்து அளந்திருந்தால் கதை கந்தல். 100 மீட்டருக்கு அப்பால் மிஞ்சுவது வெறும் 40. சில்வண்டுச் சத்தத்தில் அது கரைந்து போகும். ‘130 டெசிபல்’ என்று கொட்டை எழுத்தில் போட்டாலும் தூரத்தைப் போடாவிட்டால் அது பாதி எடை போட்ட தராசுதான்.

இன்னொன்று. இந்த சைரன்கள் எழுப்புவது கீச்சுக் குரல். மனிதக் காதுக்கு அது சுருக்கென்று உறைக்கும். அதனால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் சுவரும் மூடிய ஜன்னலும் அந்தக் குரலை நன்றாகவே தடுக்கும். வயதானால் காது முதலில் இழப்பதும் அதைத்தான். ஓடி வர வேண்டிய அப்பா, டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தால்? ஆடி மாதம் அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தால்?

ஆக, வீடு இருக்கும் தெருவில், பஸ் ஸ்டாண்டில், ஸ்டேஷன் வாசலில் சைரன் பலன் தரும். திருடனுக்கு இருட்டு பிடிக்கும், கூட்டம் பிடிக்காது. நாலு தலை திரும்பினாலே அவன் கை தளர்ந்துவிடும். ஆள் நடமாட்டம் இல்லாத முந்திரிக் காட்டு ரோட்டில் அதையே நம்பிப் போவது வேறு விஷயம். கேட்க ஆள் இல்லாத இடத்தில் எவ்வளவு கத்தினால் என்ன? அங்கே தேவை தூரம் அடிக்கிற வெளிச்சமும், கூட வரும் ஒரு துணையும். போன் எட்டுமானால் 112 எண்ணும் உண்டு. பெண்களுக்கென 181 எண்ணும் உண்டு.

பாம்புக்கு எடுபடாது

விவசாயி கதை இன்னும் சுருக்கம். வரப்பில் அவருக்கு எமன் திருடன் அல்ல. கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும்தான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58 ஆயிரம்!

பாம்புக்கு வெளிக்காது கிடையாது. தரையில் வரும் அதிர்வும் தாழ்ந்த ஒலியும்தான் அதற்குப் புலப்படும். சைரனின் கீச்சுக் குரல் அதற்கு ஒன்றுமே இல்லை. கைத்தடியைத் தரையில் தட்டிக்கொண்டு நடக்கும் பழைய வழக்கமே மேல். அவர் பார்க்க வேண்டியது காலடியில் பரவலாக விழும் வெளிச்சமும், விடியும் வரை தாங்கும் பேட்டரியும். சைரனுக்காக அவர் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

எத்தனை தடவை அழுத்துவது?

வாங்குகிறவர்கள் கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சைரனுக்குத் தனிப் பட்டனோ வளையமோ இருக்கிறதா? சில ரகங்களில் எல்லாவற்றுக்கும் ஒரே பட்டன்தான். முதல் தடவை பளிச், அடுத்து மங்கல், அப்புறம் மினுக்கல், அதற்கப்புறம்தான் சைரன். பதறிப்போய் நிற்கிறவள் விரலால் எண்ணிக்கொண்டிருக்க முடியுமா? இழுத்தால் அலறுகிற ரகம் இந்த வகையில் தேவலை. அதுவும் கையில் இருந்தால்தான். டிபன் பாக்ஸுக்கு அடியில் கிடந்தால் இல்லாத கணக்குதான்.

வெளிச்சமும் சத்தமும் ஒரே பேட்டரியில் ஓடினால், லைட் மங்கும் ராத்திரியில் சைரனும் ஈனக் குரல்தான் கொடுக்கும். ரெயில் கார்டுகளுக்கு விசில் தனி, கை விளக்கு தனி. கப்பலில் தரும் உயிர்காப்பு அங்கியிலும் விளக்கு ஒன்று, விசில் ஒன்று என்று இரண்டும் தனித்தனிதான். ஒன்று கைவிட்டால் இன்னொன்று! சாவிக்கொத்தில் ஒரு விசிலையும் மாட்டிக்கொண்டால் செலவு அதிகம் ஆகாது. அதற்கு பேட்டரியும் வேண்டாம்.

குழந்தைகள் கையில் மட்டும் கொடுக்க வேண்டாம். நாலு நாள் விளையாட்டுக்கு அலறினால் ‘புலி வருது’ கதைதான். ஐந்தாம் நாள் தெருவில் ஒரு கதவும் திறக்காது.

கடைக்குள் நின்று இழுத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. நாலு சுவருக்குள் எல்லாமே பலமாகத்தான் கேட்கும். அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பஸ் இறங்கும் இடத்தில் நின்று மகள் இழுக்கட்டும். அப்பா கதவைச் சாத்தி, டி.வி.யைப் போட்டுக்கொண்டு உட்காரட்டும். கேட்டால் கொடுத்த காசு செரித்தது. கேட்கவில்லையா? வழியில் எத்தனை தெரு விளக்கு எரியவில்லை என்று எண்ணி, மறுநாளே ஊராட்சியில் மனு எழுதிக் கொடுக்கலாம்.