திறன் தேர்வுக்கு முன் உடற்கல்வி ஆசிரியர் வேண்டும்

மூன்று பழைய திட்டங்களை ஒன்றாக்கி 2016-17இல் உருவாக்கப்பட்ட மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தை எங்கள் அமைப்பு ஆதரிக்கிறது. 2018இல் டெல்லியில் நடந்த அதன் முதல் பள்ளி விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற மனு பாக்கர், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலங்களோடு திரும்பினார். தேர்வாகும் பிள்ளைக்குக் கைச்செலவுக்கென மாதம் 10,000 ரூபாய் கிடைப்பது கூலி வேலைக்குப் போகும் வீட்டில் சின்ன விஷயம் இல்லை. எங்கள் கேள்வி அதற்கு முந்தைய படியைப் பற்றியது.

கேலோ இந்தியாவின் கீழ் 2024 மார்ச்சில் தொடங்கிய ‘கீர்த்தி’ திட்டம் 9 முதல் 18 வயது வரையுள்ளவர்களைச் சோதித்துத் திறமைசாலிகளைத் தேடுகிறது. ஒன்பது வயதென்றால் நான்காம் வகுப்பு. அந்த வகுப்புக்கு உடற்கல்வி ஆசிரியர் யார்? 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை மைதானம் வேண்டும் என்கிறது. ஆளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கை சுருங்கிவிடுகிறது: 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு, அதுவும் மாணவர் எண்ணிக்கை நூறைத் தாண்டினால், அதுவும் பகுதிநேரப் பயிற்றுநர். தொடக்கப் பள்ளிக்கு அதுவும் இல்லை. ஓடவும் தாண்டவும் எறியவும் யாரும் பழக்காத குழந்தையை ஒருநாள் வரிசையில் நிறுத்தி அளவெடுத்தால், காசு கட்டித் தனியார் அகாடமிக்குப் போன பிள்ளைதான் முன்னால் நிற்கும்.

மதுரை ஓட்டப்பந்தய வீராங்கனை ரேவதி வீரமணி பள்ளிக் காலத்தில் வெறுங்காலோடு ஓடியவர். அதைக் கவனித்த ஒரு பயிற்சியாளர், பேத்தியை அனுப்பத் தயங்கிய பாட்டியிடம் பேசிச் சம்மதம் வாங்கினார். பிறகுதான் டோக்கியோ ஒலிம்பிக் எல்லாம். எந்தத் திறன் தேர்வும் அந்தப் பாட்டியிடம் பேசியிருக்காது.

வயதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு பையன்களில் ஒருவன் பன்னிரண்டிலேயே கிடுகிடுவென வளர்வான், இன்னொருவன் பதினைந்தில்தான் வளரத் தொடங்குவான். பதினான்கு வயதுப் போட்டியில் யார் ஜெயிப்பான் என்று எந்த உடற்கல்வி ஆசிரியரும் பந்தயத்துக்கு முன்பே சொல்லிவிடுவார். அந்தப் பதக்கத்தை நம்பித்தான் உதவித்தொகையும் கல்லூரி இடமும் என்றாகும்போது, பிறப்புச் சான்றிதழில் கைவைக்கவும் ஆள் வருகிறார்கள். 2010இலேயே வயது மோசடிக்கு எதிராகத் தேசிய விதிமுறை வந்தது. மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துச் சிலரைப் பிடிக்கலாம். ஆனால் ஆசையைத் தூண்டுவது நாம் வைத்திருக்கும் பரிசு முறை.

எனவே 14 வயதுக்குக் கீழே தேசியப் பதக்கப் பட்டியலே வேண்டாம் என்கிறோம். அந்த வயதுவரை பிள்ளைகள் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளோடு நாலைந்து விளையாட்டுகளை ஆடட்டும். கேலோ இந்தியாவின் ஆண்டு மதிப்பீட்டில் நீக்கப்படும் இளையோர், மெதுவாக வளர்ந்தவர்களாகவும் இருக்கலாம் என்பதால், இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதனைக்கு வர அவர்களுக்கு உரிமை வேண்டும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். புதிய ஸ்டேடியம் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் 2024 முதல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு போய்ச் சேர்ந்தது. மட்டையும் பந்தும் ஊரில் இருக்கின்றன. பழக்கிக் கொடுக்க ஆள்தான் வேண்டும். அருகருகே உள்ள பள்ளிகளை இணைக்கும் குறுவள மையத்துக்கு ஒருவர் என முழுநேர உடற்கல்வி ஆசிரியரை நியமித்து, சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளுக்கு அவரை முறைவைத்து அனுப்பலாம். சம்பளத்தில் பாதியைக் கேலோ இந்தியா நிதி ஏற்க வேண்டும். பயிற்சி மையங்களை இன்னும் பெருக்குவதே முதல் வேலை என்று எங்கள் உறுப்பினர்களிலேயே சிலர் வாதிட்டனர். பெரும்பான்மையினர் அதை ஏற்கவில்லை.

செலவே இல்லாத கோரிக்கையும் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பில் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுத்துவிடும் வழக்கத்தைக் கல்வித் துறை நிறுத்த வேண்டும். ஆய்வுக்கு வரும் அலுவலர் கால அட்டவணையில் கையெழுத்திடும் முன், அந்த நேரத்தில் மைதானத்தில் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்கட்டும்.