பயமும் வேண்டாம், பாராமுகமும் வேண்டாம்

மாதவிடாய் நிற்கும் வயதில் உடம்பு திடீரெனச் சுடுவதும், இரவில் வியர்த்துக் கொட்டுவதும், தூக்கம் கெடுவதும் நம் வீடுகளில் உம்மாமார் பலருக்கும் உண்டு. இதற்கு ஓமோன் சிகிச்சை இருக்கிறதே என்றால், "அது மார்பகப் புற்றுநோயைக் கொண்டுவருமாம்" என்ற ஒற்றைப் பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

ஐக்கிய அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், மாதவிடாய் நின்ற 16,608 பெண்கள் பங்குபற்றினர். ஒரு பகுதியினருக்கு ஈஸ்திரஜனும் புரொஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை; மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. 2002 ஜூலையில் அந்த ஆய்வு இடையில் நிறுத்தப்பட்டது. மருந்து எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டதே முக்கிய காரணம். செய்தி பரவியதும் பெருந்தொகையான பெண்கள் மருந்தைக் கைவிட்டனர். 2003இல் அந்நாட்டில் மார்பகப் புற்றுநோய் சுமார் 7 சதவீதம் குறைந்தது. மருந்தைக் கைவிட்டதே இதற்குப் பெரும் காரணம் என்று ஆய்வாளர் பலர் கருதினர்.

ஆகவே, ஆபத்து கற்பனையல்ல. ஆனால் அதன் அளவு என்ன? வெறும் மாத்திரை எடுத்த 10,000 பேரில் ஒரு வருடத்தில் 30 பேருக்கு இந்நோய் வந்தது. மருந்து எடுத்தவர்களில் 38 பேருக்கு. கூடியது 8 பேர். 26 சதவீதம் என்பதும் இந்த 8 பேர் என்பதும் ஒரே உண்மைதான். முதலாவது நம்மைத் திடுக்கிட வைக்கிறது. இரண்டாவது சிந்திக்க வைக்கிறது. கருப்பை அகற்றப்பட்ட பெண்களுக்கு ஈஸ்திரஜன் மட்டும் கொடுத்த ஆய்விலோ மார்பகப் புற்றுநோய் கூடவில்லை.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் என் உம்மாவானால் அந்த எண் எனக்குச் சிறியதல்ல. ஆனால் வருடக்கணக்காகத் தூக்கமின்றி வாடுபவரும் என் உம்மாதானே!

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைக் காப்பதற்குக் கேள்வி கேட்பதில் வெட்கம் எதற்கு? எந்த மருந்து, எத்தனை காலத்துக்கு, குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் இருந்ததா என்று டொக்டரிடம் மனம்விட்டுப் பேசுங்கள், உம்மாமாரே. தனியே போகக் கூச்சமென்றால் எங்களையும் கூட்டிச் செல்லுங்கள். உயிரியல் படிக்கும் பிள்ளைகள் பரீட்சைக்கு மட்டுமா படிக்கிறோம்?