நம்பிக்கைக்கும் புள்ளியோ?

புள்ளி என்பது நம்மவர்க்குப் புதிய பொருளன்று. கல்லூரி மலரொன்றைக் கையிலெடுப்போர் முதலிலே புரட்டிப் பார்ப்பன பரீட்சைப் பெறுபேறுகளும், துடுப்பாட்டத்திலே யார் எத்தனை ஓட்டமெடுத்தார் என்ற கணக்குமே. எண்ணாகச் சொல்லப்பட்டதை நம்புவதும் எண்ணாகாததை ஐயுறுவதும் பள்ளிக்கூடங்கள் நமக்குத் தந்த பழக்கங்கள். இப்பழக்கம் எதிர்பாராத ஓரிடத்தை எட்டியிருக்கின்றது. புற்றுநோயுற்ற சிறுவர் சிறுமியரின் உள்ளத்திலுள்ள நம்பிக்கையை அளந்து, அதற்கும் புள்ளியிடும் முறைகளை உளநூலார் வகுத்துள்ளனர். இதனைக் கேட்போருட் சிலர், நம்பிக்கையை நாழியிட்டு அளக்கலாமோ என்று நகைப்பர். சிலர், விஞ்ஞானம் சொன்னாற் சரிதான் என்று தலையசைப்பர். இரு சாராரும் பொருளை ஊன்றி நோக்கினாரல்லர் என்பது என் துணிபு.

அவ்வளவுகோல் எத்தகையது என்பதை முதலிற் கூறுவேன். அமெரிக்காவின் கான்சஸ் சர்வகலாசாலையிலே உளநூற் பேராசிரியராயிருந்த ஸ்னைடர் என்பவர், தம்மோடு பணிபுரிந்தோருடன் சேர்ந்து 1997ஆம் ஆண்டிற் சிறுவர்க்கான நம்பிக்கை அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். 8 முதல் 16 வயது வரையுள்ளோர்க்கு உரியது அது. அதிலுள்ளவை ஆறே கூற்றுக்கள். ஒவ்வொரு கூற்றும் தனக்கு எவ்வளவு பொருந்துகின்றது என்பதை, ஒருபொழுதுமில்லை என்பது முதலாக எப்பொழுதும் என்பது ஈறாக உள்ள ஆறு படிகளில் ஒன்றைத் தெரிந்து பிள்ளை காட்டவேண்டும். குறைந்த புள்ளி 6. மிகுந்த புள்ளி 36. கூற்றுக்களில் மூன்று, என்னால் இயலும் என்னும் மனவூக்கத்தைத் தேடுவன. ஏனைய மூன்றும், இடர் வந்தவிடத்து வேறு வழி காணும் ஆற்றலைத் தேடுவன. மனமுண்டானால் மார்க்கமுண்டு என்று நம் பாட்டிமார் ஒரே மூச்சிற் சொல்லியதை அவர் இரண்டாகப் பிரித்து, மனத்துக்கு மூன்று வினா, மார்க்கத்துக்கு மூன்று வினா என்று வகுத்தார் எனலாம். பிரித்தது நன்றே. மனமிருந்தும் மார்க்கமில்லாத பிள்ளைகள் உலகிற் பலர்.

இம்முயற்சியை யான் இகழேன். வைத்தியசாலையிலே பிள்ளையின் குருதியில் வெள்ளணு எத்தனை, உடல் வெப்பம் எத்தனை, நிறை எத்தனை என்பன ஒழுங்காக எழுதப்படுகின்றன. "எப்படி இருக்கின்றது?" என்ற வினா மட்டும் பெரும்பாலும் தாயிடமே கேட்கப்படுகின்றது. ஒரு தாளைக் கொடுத்து, "நீயே சொல்" என்று பிள்ளையை நோக்கிக் கேட்டது சிறு காரியமன்று.

இவ்வினா எழுவதற்கும் ஒரு காலம் வரவேண்டியிருந்தது. 1948இற் பொஸ்ரன் நகரிலே சிட்னி பார்பர் என்னும் வைத்தியர், கடும் இரத்தப் புற்றுநோயுற்ற பிள்ளைகளுக்கு அமினொப்ரெரின் என்னும் மருந்தைக் கொடுத்து, நோய் பின்வாங்கியதைக் கண்டார். சில காலமே, நோய் மீண்டது. 1960களின் தொடக்கத்திலும், சிறுவரிடையே மிகப் பொதுவான இரத்தப் புற்றுநோய்க்கு ஆளானோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பேரே பிழைத்தனர். இன்று செல்வ நாடுகளிலே அவருள் 90 பேரளவினர் பிழைக்கின்றனர். அக்காலத்தில் நம்பிக்கை என்றது இறப்பைத் தாங்கும் ஆறுதலை. இக்காலத்தில் 2 முதல் 3 ஆண்டு வரை நீளும் சிகிச்சையைத் தாங்கும் வலிமையை. ஆயின் இப்பேறு எல்லார்க்கும் பொதுவன்று. 19 வயதுக்குட்பட்டோருள் ஆண்டுதோறும் ஏறக்குறைய 4 இலட்சம் பேர் உலகிலே பல்வகைப் புற்றுநோய்களுக்கு ஆளாகின்றனர். செல்வ நாடுகளில் நூற்றுக்கு 80க்கு மேற்பட்டோர் குணமாக, வறிய நாடுகள் பலவற்றில் 30 பேர்தாமும் தேறுவதில்லை. 2030ஆம் ஆண்டளவில் உலகெங்கும் 60 பேராவது பிழைக்கச் செய்தல் வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. ஆகவே பிள்ளையின் நம்பிக்கையிலே ஒரு பெரும் பங்கு அதன் நாட்டு மருந்துக் களஞ்சியத்தில் இருக்கின்றது. அதனைப் பிள்ளையின் உள்ளத்தில் மாத்திரம் தேடுதல் முறையன்று.

அளப்பவர்க்கு எதிர்ப்படும் பேரிடர், பிள்ளை யாருக்காக விடை எழுதுகின்றது என்பது. மைரா புளூபொண்ட்-லாங்னர் என்னும் மானிடவியலறிஞர், அமெரிக்க வைத்தியசாலையொன்றிலே இரத்தப் புற்றுநோயுற்ற 3 முதல் 9 வயதுவரையுள்ள பிள்ளைகளோடு பழகி ஆராய்ந்து, 1978இல் ஒரு நூல் வெளியிட்டார். பெரியோர் எவரும் சொல்லாதிருந்தும் அப்பிள்ளைகள் தம் நோயையும் அதன் முடிவையும் அறிந்திருந்தனர். அறிந்ததைப் பெற்றோருக்கு மறைத்தும் வைத்தனர். பெற்றோர் பிள்ளைக்காக நடிக்க, பிள்ளை பெற்றோருக்காக நடித்தது.

இதைப் படிக்கும் நம்மவர்க்கு அமெரிக்கா தூரதேசமாகத் தோன்றாது. நம் வீடுகளிலே அந்நோயின் பெயரையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அந்த வருத்தம்" என்பதோடு சரி. வைத்தியர் தகப்பனைத் தனியே அழைக்கின்றார். தகப்பன் திரும்பி வந்து சுவரைப் பார்க்கின்றான். தாய் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒன்றுமில்லை, காய்ச்சல்தான்" என்கின்றாள். கட்டிலிற் கிடக்கும் பிள்ளை இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருக்கின்றது. அப்பிள்ளையிடம், தாய் அருகிருக்க, ஒருவர் வந்து ஆறு வினாக்கள் கொண்ட தாளை நீட்டினால் அது என்ன செய்யும்? பள்ளிக்கூடம் போன பிள்ளை வினாத்தாளைக் கண்டாற் சரியான விடை எது என்றே தேடும். தாய் மகிழும் விடையே சரியான விடை. எப்பொழுதும் என்ற கட்டத்திலே ஆறு அடையாளங்களையும் இட்டு 36 புள்ளி பெற்றுவிடும். அப்புள்ளி நம்பிக்கையின் அளவன்று. தாய்மேல் அப்பிள்ளை வைத்த அன்பின் அளவு. தாளைக் கொண்டுசெல்வோர் முதலில் தாயைத் தேநீர் குடித்துவர அனுப்புதல் நலம்.

மறைத்தல் நம்பிக்கையைக் காக்கும் என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். பொஸ்ரனிலே புற்றுநோயுற்ற பிள்ளைகளின் பெற்றோரை வினாவி வைத்தியர் சிலர் 2007இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு மாறாக நிற்கின்றது. நோயின் போக்கை வைத்தியர் கூடுதலாக எடுத்துரைக்கக் கேட்ட பெற்றோரே, குணமாகும் வாய்ப்புக் குறைந்தவிடத்தும், வைத்தியரின் பேச்சு தமக்கு நம்பிக்கை தந்ததென்று கூடுதலாகக் கூறினர். இது பெற்றோரைப் பற்றியது. பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்துதல் ஆகாது. எனினும், உண்மை சொன்னால் நம்பிக்கை உடைந்துவிடும் என்று அடித்துச் சொல்வோர் சற்றுத் தயங்குதற்கு இது போதும்.

சிகிச்சையும் அளவைக் குழப்பும். இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் டெக்சாமெதசோன் போன்ற மருந்துகள் பசியைப் பெருக்கித் தூக்கத்தைக் கெடுத்து, காரணமின்றி அழவும் சினக்கவும் செய்வன. அவ்வாரத்திற் கொடுத்த தாளிலே புள்ளி விழுந்தால், விழுந்தது நம்பிக்கையா, மருந்தின் கூத்தா? முள்ளந்தண்டிலே ஊசியேற்றும் நாட் காலையில், வெறுவயிற்றோடிருக்கும் பிள்ளை எதைப் பற்றித்தான் நல்ல சொற் சொல்லும்? பலநாட் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி அவ்வெண்ணுக்குப் பொருளில்லை.

இனி மொழி. இவ்வினாக்களைத் தமிழாக்கப் புகுவோர் நம்பிக்கை என்ற சொல்லிலே வந்து முட்டுவர். நண்பன் கடனைத் திருப்பித் தருவான் என்பதும் நம்பிக்கை. நல்லூரான் கைவிடான் என்பதும் நம்பிக்கை. நாளை நல்ல நாளாகும் என்பதும் நம்பிக்கை. "நம்பிக்கையாய் இருக்கிறாயா?" என்று கேட்டாற் பிள்ளை அதைக் கடவுளைப் பற்றிய வினாவாகக் கொண்டு, "ஓம்" என்று சொல்லிவிடும். மகரகமையிலுள்ள தேசிய புற்றுநோய் வைத்தியசாலை அபேக்ஷா என்னும் பெயரைத் தாங்கியிருக்கின்றது. எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்று சிங்களத்திற் பொருள்படுஞ் சொல் அது. வடமொழியிலிருந்து நம்மிடமும் வந்ததே. நாமோ அதனை அபேட்சை ஆக்கி, அபேட்சகர் என்று தேர்தலில் நிற்பவர்க்குச் சூட்டிவிட்டோம். அச்சொல்லை நோயாளருக்கு அளித்தவர்களே அதனை நன்கு பயன்படுத்தினர் என்பேன்.

தெல்லிப்பழையிலும் இன்று புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இடமுண்டு. அதற்காக 2011இல் நாட்டின் தென்முனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து பணந்திரட்டியோரை நன்றியோடு நினைக்கவேண்டும். ஆயினும் வடக்கிலிருந்து மகரகமைக்குச் செல்ல நேரும் பிள்ளை, வீட்டுக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தொலைவில், தன் மொழி அதிகம் கேளாத வாட்டிலே படுத்திருக்கின்றது. அதன் மார்க்கங்களை எண்ணுமுன், தண்ணீர் கேட்க அதற்கு மொழி உண்டா என்று பார்த்தல் வேண்டும்.

கட்டிளம் பருவத்து நோயாளரின் நம்பிக்கையை நெடுங்காலம் ஆராய்ந்தவர், தாதியரான பமெலா ஹைண்ட்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார். அவர் தந்த விளக்கத்தின்படி, நம்பிக்கையென்பது உண்மைநிலையோடு பொருந்தியதாய், ஆறுதல் தந்து வாழ்வைத் தாங்குவதாய், தனக்கோ பிறர்க்கோ நல்ல எதிர்காலம் உண்டு என்று கொள்ளும் எண்ணம். பிறர்க்கோ என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே அவரைப் போற்றலாம். தன் துவிச்சக்கரவண்டியின் இருக்கையைத் தம்பியின் உயரத்துக்குத் தாழ்த்திவைக்கும்படி தகப்பனிடம் சொல்லும் பிள்ளை நம்பிக்கை இழந்ததா, உடையதா? ஸ்னைடரின் 36 புள்ளிக்குள் அப்பிள்ளைக்கு இடமில்லை. அம்மையாரின் விளக்கத்தில் உண்டு.

யான் மிக அஞ்சுவது வேறொன்று. பார்க்க வருவோர், "நம்பிக்கையோடு இரு, வருத்தம் ஓடிவிடும்" என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்கின்றனர். மனநிலை புற்றுநோயை வெல்லும் என்பதற்கு ஆய்வுகள் துணைநிற்கவில்லை. தலையிலும் கழுத்திலும் புற்றுநோயுற்ற 1093 பேரை ஆராய்ந்து 2007இல் வெளியிடப்பட்ட அறிக்கை, அவர்தம் மனநலத்துக்கும் வாழ்நாள் நீட்சிக்கும் தொடர்பு காணவில்லை. அவர்கள் வயது வந்தோர். தம்மைத் தாம் தேற்றிக்கொள்ள வல்லவர். பத்து வயதுப் பிள்ளைக்கு நோய் திரும்பினால், "நான் போதிய அளவு நம்பவில்லைப் போலும்" என்று எண்ணாதோ? அந்நாளில் கைக்கெட்டும் தூரத்தில் 14 என்ற புள்ளியும் எழுதிக் கிடந்தால் அது குற்றப்பத்திரமன்றி வேறென்ன? குறைந்த புள்ளியைக் கண்டவர் பிள்ளைக்கு உபதேசம் செய்யப் புறப்படாது, அதைச் சூழ்ந்துள்ளவர்களை விசாரித்தல் வேண்டும். யார் எதை மறைத்தார்? எந்த வழியை அடைத்தார்?

அடைபடும் வழிகளுள் ஒன்று நம் கையில் இருக்கின்றது. பிள்ளையின் இலக்குகள் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தோடு கட்டுண்டவை. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில், உதைபந்தாட்ட அணி, பக்கத்து வாங்கிலிருக்கும் தோழன் ஆகியவையே அதன் எதிர்காலம். இரண்டு மூன்று ஆண்டுச் சிகிச்சை முடிந்து, முடியுதிர்ந்த தலையோடும் ஊதிய முகத்தோடும் வரும்போது, வகுப்பு மேலே போயிருக்கின்றது. இருந்த வாங்கிலே வேறொருவன் இருக்கின்றான். இடாப்பிலே பெயர் வெட்டப்பட்டிருக்கின்றது. அன்று அளந்தால் மார்க்கத்துக்குரிய மூன்று வினாவுக்கும் என்ன விடை வரும்?

விழா ஆண்டிலே மண்டபத்துக்கும் மதிலுக்கும் நிதி திரட்டுகின்றோம், திரட்டுக. அதனோடு, நீண்ட நோயாற் பள்ளிக்கு வரவியலாத மாணவன் பெயரை இடாப்பிலிருந்து வெட்டுவதில்லை என்று கல்லூரி ஒரு விதி செய்யட்டும். வகுப்புத் தோழர் வாரந்தோறும் பாடக் குறிப்பை எழுதி அனுப்பட்டும். தலையை மூடத் தொப்பி அணிந்து வர அவனுக்கு அனுமதி இருக்கட்டும். மகரகமையிலே ஒரு பிள்ளை படுத்திருந்தால், மாதம் இருமுறையாவது தமிழ் பேசும் ஒருவர் போய் அதற்குப் பாடஞ் சொல்லிக் கொடுக்கட்டும். பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கிளையினர்க்கு மகரகமை பஸ் ஏறிப் போகும் தூரந்தான். அவர்களது அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை ஒரு பிரேரணையாகக் கொண்டுவர விரும்புவோர் இருந்தால், வழிமொழிய யான் வருவேன்.