உழுதவனுக்கு நிலம், நட்டவளுக்கு?

கல்லூரியில் படிக்கும்போதுதான் அந்த முழக்கத்தை முதன்முதலாகக் கேட்டேன்: ‘உழுதவனுக்கே நிலம் சொந்தம்.’ உடம்பெல்லாம் முறுக்கேறியது. விடுமுறைக்கு ஊருக்கு (ஊருக்கு எங்கே, சேரிக்கு) போனபோது அப்பாயியிடம் சொன்னேன். வெத்தலையை மென்றுகொண்டே கேட்டாள்: “உழுதவன்னா யாருடா? ஏரு வச்சிருந்தவனா, ஏரு புடிச்சவனா?”

எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சுதந்திர இந்தியாவின் நிலச்சீர்திருத்தம் தோற்றுவிட்டது என்று அறிஞர்கள் புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள். அரசியல் உறுதி இல்லையாம், அதிகாரிகள் சரியில்லையாம், கோர்ட்டு குறுக்கே நின்றதாம். நான் சொல்கிறேன்: அது தோற்கவில்லை. யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. நமக்காக அது எழுதப்படவே இல்லை.

எடுத்த எடுப்பில் சட்டத்தைப் பார்ப்போம். 1948-ல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன்தாருக்கு இழப்பீடு போனது, ரயத்துக்குப் பட்டா போனது. ரயத்தின் வயலில் காலங்காலமாகச் சேற்றில் நின்றவனுக்கு என்ன போனது? ஒன்றும் இல்லை. 1955-ல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். குத்தகை ஒப்பந்தம் இருக்கவேண்டும், பிறர் நிலத்தில் தானோ தன் குடும்பமோ உடல் உழைத்திருக்கவேண்டும் என்றது அது. உடல் உழைப்புக்கு நம்மிடம் குறைச்சலா? ஆனால் பறையனுக்கும் பள்ளனுக்கும் எந்த மிராசுதார் குத்தகை கொடுத்தான்? உழைப்பு இருந்தது, ஒப்பந்தம் இல்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் நாம் உழவரே இல்லை. வெறும் ‘தொழிலாளி’.

இது சட்டம் எழுதியவர்கள் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. நம் இலக்கியமே அப்படித்தான் பாகம் பிரித்து வைத்திருக்கிறது. கம்பர் பேரில் வழங்கும் ஏரெழுபது யாரைப் பாடுகிறது? வேளாளரை. முக்கூடற்பள்ளில் நெல்வகையும் மாட்டுவகையும் அடுக்கிச் சொல்லத் தெரிந்தவன் பள்ளன். அதே நூலில் தொழுவில் மாட்டப்படுகிறவனும் அவன்தான், மாட்டுகிறவன் பண்ணைக்காரன். வகுப்பில் இதை நகைச்சுவை என்று சொல்லிக் கொடுத்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதைச் சொல்ல இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது.

பண்ணையாளுக்குச் சட்டமே வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. 1952-ல் தஞ்சை மாவட்டத்துக்கென்று பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். அதுவும் சும்மா வரவில்லை. 1940-களிலிருந்து செங்கொடிச் சங்கம் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக நின்று போராடிய பின்னால் வந்தது. அந்தத் தோழர்களுக்கு நாம் என்றைக்கும் நன்றி உள்ளவர்கள். ஆனால் மிராசுகள் என்ன செய்தார்கள்? பண்ணையாளை வைத்திருந்தால்தானே சட்டம் என்று பண்ணையாளையே இல்லாமல் ஆக்கினார்கள். அப்பாயி அப்போது சின்னப்பெண். அவள் சொல்கிறாள்: “எங்கப்பன ஆண்டை கூப்புட்டு, இனிமே நீ பண்ணையாளு இல்லடா, வேல இருந்தா வா, இல்லாட்டி போன்னுட்டாரு. அடிமையாவும் இல்ல, ஆளாவும் இல்ல. கலவடியும் போச்சு.” நவீன இந்தியாவின் அன்னாடக்கூலி இப்படித்தான் பிறந்தான்.

அடுத்து உச்சவரம்பு. 1959 ஜனவரியில் நாக்பூரில் காங்கிரஸ் தீர்மானம் போட்டது. சட்டம் வருகிறது, வருகிறது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டுக் கொண்டுவந்தார்கள். 1961-ஆம் ஆண்டின் சட்டம் ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றது. ‘தர ஏக்கர்’ என்பதைக் கவனியுங்கள், மட்டமான நிலமென்றால் அதற்கு மேலும் வைத்துக்கொள்ளலாம். அதற்கும் மேலே தோப்புக்கு விலக்கு, அறக்கட்டளைக்கு விலக்கு. அதற்குள் மச்சான் பேரில், வேலைக்காரன் பேரில், சாமி பேரில் நிலம் பிரிந்துவிட்டது. 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாது என்றது. அதே ஆண்டு அரசியல் சட்டத்தை 17-ஆவது முறையாகத் திருத்தி அதற்கு உயிர் கொடுத்தார்கள். 1970-ல்தான் 30 என்பது 15 ஆனது. ஜமீன் ஒழிப்பைக் காப்பாற்ற, அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த 17 மாதத்திலேயே, 1951 ஜூனில், முதல் திருத்தம் கொண்டுவந்தவர்கள் இவர்கள். ரயத்துவாரி நிலத்துக்கு அதே பாதுகாப்புக் கொடுக்க 1964 வரை காத்திருந்தார்கள். ஜமீன்தார் சிலர். ரயத்துவாரிப் பட்டாதாரரோ ஊருக்கு ஊர் ஓட்டு வாங்கித் தருகிறவர். கணக்குப் புரிகிறதா?

நிலத்தைப் பங்கிட மனமில்லாதவர்கள் விளைச்சலைப் பெருக்கக் கிளம்பினார்கள். 1960-ல் தொடங்கிய தீவிர விவசாயத் திட்டத்துக்கு இந்தியாவில் முதலில் எடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஃபோர்டு அறக்கட்டளை துணைக்கு வந்தது. விதை, உரம், பூச்சிமருந்து, கடன் எல்லாம் ஒரே பொட்டலம். அந்தப் பொட்டலத்தை வாங்க என்ன வேண்டும்? பட்டா. எங்கப்பா ஒருமுறை ஒண்ணரை ஏக்கரை வாய்வார்த்தைக் குத்தகைக்கு எடுத்து உரக்கடன் கேட்டு ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனார். “சிட்டா அடங்கல் இருக்கா?” என்றார்கள். “நான்தானேங்க பயிரு வைக்கிறேன்” என்றார் அப்பா. “பயிரு நீ வைப்ப, பேரு யாருதுய்யா?” என்று சிரித்தார்களாம். வட்டிக்கு வாங்கித்தான் உரம் போட்டார். அந்த வட்டி என் பத்தாம் வகுப்பு வரை வீட்டில் உட்கார்ந்திருந்தது.

விளைச்சல் பெருகியது உண்மை. பெருகியதில் பங்கு கேட்டபோது என்ன நடந்தது என்பதும் உண்மை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள். கேட்டது கூலிநெல்லில் அரைப்படி கூட. எதிரே நின்ற நிலக்கிழார்களின் சங்கத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? நெல் உற்பத்தியாளர் சங்கம்! நாற்றுவிட்டவள், நட்டவள், களையெடுத்தவள், அறுத்தவள் எல்லாம் குடிசைக்குள்ளே வெந்துகொண்டிருக்க, வெளியே நின்றவன் நெல் உற்பத்தியாளன். அப்பாயி கேட்ட கேள்விக்கு இந்த தேசம் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டது. காரும் நிலமும் உள்ள பெரியமனிதர்கள் தாமே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற தொனியில் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்ததும் பதிவில் இருக்கிறது.

‘கேரளாவைப் பாருங்கள்’ என்பார்கள் தோழர்கள். பார்த்தோம். 1970 ஜனவரி 1 முதல் அங்கே குத்தகைமுறையே ஒழிந்தது. பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் வயல் குத்தகைதாரருக்குப் போனது. வயலில் நின்ற புலையருக்கும் பறையருக்கும் கிடைத்தது குடிசை இருந்த இடம். கிராமத்தில் 10 சென்ட். இங்கே நமக்கு 1971-ல் குடியிருப்புச் சட்டம். வீட்டடியைச் சொந்தமாக்கியது. அது சிறிய காரியமில்லை, ஆண்டை நினைத்த நேரத்தில் குடிசையைப் பிரித்துப் போட முடியாமல் ஆனது. ஆனால் ஒன்று கேட்கிறேன்: அவனுக்கு ஏக்கர், நமக்கு சென்ட் என்று அளவுகோலையே இரண்டாக வைத்தது யார்?

இதெல்லாம் பின்னால் தெரிந்த ஞானமா? இல்லை. 1947 மார்ச்சிலேயே அண்ணல் அம்பேத்கர் எழுதிக் கொடுத்துவிட்டார். ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற அந்த அறிக்கையில், குத்தகைச் சட்டத்தாலும் துண்டுநிலங்களைச் சேர்ப்பதாலும் நிலமற்ற கூலிகளான ஆறு கோடித் தீண்டப்படாதவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை என்று பச்சையாகச் சொன்னார். நிலம் அரசுடைமையாகட்டும், சாதி மத வேறுபாடின்றி ஊராருக்குக் கொடுத்துக் கூட்டாகப் பயிர் செய்யட்டும், நீர், மாடு, கருவி, விதை, உரம் அரசு தரட்டும், நிலப்பிரபு, குத்தகைதாரன், நிலமற்ற கூலி என்று யாருமே இல்லாமல் போகட்டும் என்றார். அவர் தலைமையில் வரைவுக்குழு வேலை செய்தது. அவருடைய இந்தத் திட்டம் மட்டும் அரசியல் சட்டத்தில் ஏறவில்லை.

நிலமே நமக்குக் கொடுக்கப்படவில்லையா? கொடுக்கப்பட்டது, வெள்ளைக்காரன் காலத்தில். 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம். பத்து வருடம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் நம் மக்களுக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை. மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லும் கணக்கு. அதைப் பத்திரமாகக் காப்பாற்றியிருந்தாலே போதும். புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். சுதந்திர சர்க்கார் அதைச் செய்ததா? அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டுக் காரணையில் கால் வைத்த மக்களுக்கு, 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் துப்பாக்கிச்சூடுதான் கிடைத்தது. இரண்டு உயிர் போனது.

2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். இந்திய அளவில் ஆறில் ஒருவர். 2015-16 விவசாயக் கணக்கெடுப்பிலோ இந்தியாவின் சாகுபடி நிலத்தில் நம் கையில் இருப்பது 9 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. இதுதான் வளர்ச்சியின் அடங்கல்.

ஆகவே தோழர்களே, இனி ‘நிலச்சீர்திருத்தத்தை முறையாக அமல்படுத்து’ என்று மட்டும் கோஷம் போடாதீர்கள். நமக்கு இடமே இல்லாத சட்டத்தை முறையாக அமல்படுத்தினால் நமக்கு என்ன வரும்? உழவன் யார் என்ற வரையறையை மாற்று என்று கேளுங்கள். பஞ்சமி நிலத்தை ஊர்வாரியாக எடுத்து, யார் கையில் இருக்கிறது என்று பகிரங்கமாக ஒட்டு என்று கேளுங்கள். சென்ட் வேண்டாம், ஏக்கர் கொடு என்று கேளுங்கள். பட்டா பெண் பேரில் வேண்டும் என்று கேளுங்கள்.

கடைசியாகச் சொன்னதும் அப்பாயி சொல்லித் தந்ததுதான். ஏரு வச்சிருந்தவன், ஏரு புடிச்சவன் என்று நான் விளக்கி முடித்த பிறகு, வெத்தலையைத் துப்பிவிட்டு அவள் இன்னொன்று கேட்டாள்:

“சரிடா, உழுதவனுக்கு நெலம். நட்டவளுக்கு?”