ஊதினால் தீருமா பழுது?



நோய் தணிவது வேறு, நோய் தீர்வது வேறு என்பதை நம் இல்லத்துத் தாய்மார் நன்கறிவர். இவ்வுண்மை இயந்திரங்களுக்கும் பொருந்தும். பிள்ளைகளின் வீடியோ கேம் கருவி பழுதுறும்போது கையாளப்படும் கைவைத்தியங்களைக் குறித்து இத்திங்கள் சிந்திப்போம். இரு கருவிகளின் வரலாறு நமக்குப் போதிய பாடம் கற்பிக்கும்.

ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ, 1985ஆம் ஆண்டு அமெரிக்காவில் தன் விளையாட்டுக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. விளையாட்டு அடங்கிய கேட்ரிட்ஜை வீடியோ கேசட்டைப் போல முன்புறமாக நுழைத்துக் கீழே அழுத்த வேண்டும். உள்ளிருக்கும் 72 உலோக முனைகள் அதனைப் பற்றிக்கொள்ளும். நாளடைவில் அம்முனைகள் தளர்ந்தன. தூசியும் களிம்பும் படிந்தன. போலி விளையாட்டுகளைத் தடுக்கக் காவலன் போன்றதொரு சில்லும் கருவியில் இருந்தது. கேட்ரிட்ஜில் உள்ள இணைச் சில்லோடு அதற்குள்ள தொடர்பு அறுந்தால், நொடிக்கொரு முறை அது கருவியைத் தொடக்க நிலைக்குத் தள்ளிவிடும். விளக்கு எரிவதும் அணைவதுமாக இருக்கும், விளையாட்டோ தொடங்காது.

இதற்குச் சிறுவர்கள் கண்ட மருந்து, கேட்ரிட்ஜை வெளியே எடுத்து வாயால் ஊதுவதாகும். பல வேளைகளில் விளையாட்டும் ஓடியது. ஆயினும் பயன் தந்தது ஊதியதன்று; கழற்றி மீண்டும் பொருத்தியதே. அதனால் முனைகள் புதிதாகப் பொருந்தின. மூச்சின் ஈரமோ உலோகத்தில் களிம்பேற்றிப் பழுதை வளர்த்தது. தூய்மை செய்வதற்குரிய சாதனங்களை 1989இல் அந்நிறுவனமே விற்கலாயிற்று. 1993இல் வந்த மாற்று வடிவில் கேட்ரிட்ஜ் மேலிருந்து நேராகச் செருகப்பட்டது. காவல் சில்லும் நீக்கப்பட்டது.

இரண்டாவது, மைக்ரோசாப்ட் நிறுவனம் 2005 நவம்பரில் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் 360. முகப்பில் மூன்று சிவப்பு விளக்குகள் ஒளிர்ந்து கருவி முடங்குவது மிகப் பரவலான பழுதாயிற்று. இயங்குகையில் சூடேறுவதும் நிறுத்துகையில் குளிர்வதுமாக மாறி மாறி நிகழ்ந்ததால், உள்ளிருந்த நுண்ணிய இணைப்புகள் முறிந்தன. சிலர் கருவியைத் துவாலையால் போர்த்தி மேலும் சூடேற்றினர். முறிந்த இணைப்பு சிறிது நேரம் ஒட்டி, கருவி உயிர்பெறுவதும் உண்டு. பின்னர் மீண்டும் வீழும். காற்றுப் புகாமல் மூடிய மின்கருவி தீப்பற்றவும் கூடும் என்பதை அவர்கள் எண்ணவில்லை. 2007 ஜூலையில் நிறுவனம் இப்பழுதுக்குரிய உத்தரவாதத்தை மூன்றாண்டுகளாக நீட்டித்தது. அதற்கென நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்க நேர்ந்தது.

அப்படியாயின் நாம் செய்யத்தக்கது யாது? முதற்கண், எளியதிலிருந்து தொடங்குவோம். மின்சாரம் வருகின்றதா, தொலைக்காட்சிக்குச் செல்லும் கம்பி இறுகப் பொருந்தியுள்ளதா என்று நோக்குவோம். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்ப்போம். பலவற்றை ஒருங்கே மாற்றினால் குற்றம் எதனிடத்தது என்று தெளியாது. ஒரு விளையாட்டு மட்டும் ஓடவில்லையெனில் குற்றம் பெரும்பாலும் அந்த வட்டிலோ கேட்ரிட்ஜிலோ இருக்கும். எதுவுமே ஓடவில்லையெனில் கருவியை ஐயுறலாம்.

வட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். சுற்றிச் சுற்றித் துடைத்தலாகாது. பதிவு சுழல் வடிவில் அமைந்திருப்பதால், அதன் போக்கிலேயே விழும் கீறல் மிகுந்த தீங்கு பயக்கும். காற்றுத் துளைகளில் தூசி அடையாமல் காப்போம். மூடிய அலமாரியிலோ மெத்தை மீதோ கருவியை வைத்து இயக்கலாகாது.

மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறவாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் அதனுள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் மின்னேற்றத்தைத் தாங்கியிருக்கக்கூடும். பிள்ளைகளுக்கும் இதனைக் கண்டிப்புடன் சொல்லி வையுங்கள். எரிந்த வாடை வீசினாலோ, கருவி மீண்டும் மீண்டும் தானே நின்றாலோ, கைதேர்ந்த பணியாளரை நாடுவதே முறை. கருவி போனால் மற்றொன்று வாங்கலாம். பிள்ளையின் விரலுக்கும் உயிருக்கும் மாற்றில்லை.

தட்டியதும் ஊதியதும் பலித்ததாகத் தோன்றும் பொழுதெல்லாம், 'ஏன் பலித்தது?' என்று பிள்ளைகளையே கேட்கப் பழக்குவோம். அவ்வினாவைக் கேட்கக் கற்ற பிள்ளை, விளையாட்டினூடே அறிவியலின் முதற்பாடத்தையும் கற்றுக்கொள்ளும்.