கண்ணுக்கு நன்றாய் இருப்பது

ஹெலிகாப்டரின் வால் சுழலியில் ஒரு பாகம் பழுதென்று தெரிந்த பிறகு மாற்றினால் போதும், அதற்கு விதித்த பறப்பு மணிக்கணக்கு தீர்ந்தது என்பதற்காக நல்ல பாகத்தைக் கழற்றி எறிவது வீண் செலவு என்று விஷயம் அறிந்தவர்களே வாதிக்கிறார்கள். சிக்கனம் நற்குணந்தான், ஆனால் நல்லதென்று தீர்மானித்தது எது? கண்.

உலோகச் சோர்வோ கண்ணுக்குக் கட்டுப்பட்டதன்று. நிமிஷத்துக்கு 1,000 தடவைக்கு மேல் சுற்றும் அச்சுழலியின் இதழ், முன்னோக்கிப் பறக்கையில் சுற்றுக்கொரு முறை பாரம் ஏறி இறங்குவதால், ஒரு மணி நேரத்திலேயே 60,000 முறைக்கு மேல் வளைந்து நிமிர்கிறது. பாகத்தின் ஆயுளில் பெரும்பகுதி பெரும்பாலும் விரிசல் பிறக்குமுன்பே கழிந்துவிட, பிறந்த விரிசலும் போல்ட்டுத் துவாரத்தின் விளிம்பிலோ பெயிண்டுக்கு அடியிலோ ஒளிந்திருக்கிறது. பெயிண்டை நீக்கி, சிவப்புச் சாயத்தைத் தடவி ஊறவிட்டு, மேற்பரப்பைத் துடைத்து, வெள்ளைப் பூச்சு தெளித்தால்தான் உள்ளே தங்கிய சாயம் மெல்லக் கசிந்து ஒரு சிவந்த ரேகையாகிறது. கைவிளக்கோடு ஏணி ஏறிப் பார்ப்பவருக்கு இது எங்கே புலப்படும்?

அதிர்வு தோன்றினால் விமானி உணர்ந்து இறக்கிவிடுவார் என்பது அடுத்த வாதம். 2018 அக்டோபர் 27 அன்று இங்கிலாந்தின் லெஸ்டர் கால்பந்து மைதானத்திலிருந்து எழும்பிய ஏ.டபிள்யூ.169 ஹெலிகாப்டரில், வால் சுழலிக் கட்டுப்பாட்டின் பேரிங் சோர்வினால் சேதமுற்று இறுகிப்போய், தன்னோடு கட்டுப்பாட்டுத் தண்டையும் சுழற்றி அதன் பிணைப்பைக் கழற்றிவிட்டது. அக்கணமே விமானியின் மிதிகட்டைக்கும் இதழ்களுக்கும் உள்ள சம்பந்தம் அற்றுப்போக, வானிலேயே சுழன்று விழுந்த அதிலிருந்த 5 பேரும் மாண்டனர். விமானியின் சாமர்த்தியத்துக்கு அங்கே அவகாசமே இல்லை.

கருவிகள் இரவு பகலாக அதிர்வைப் பதிகின்றனவே என்பார்கள். வட கடலில் வெஸ்ட் ஃபிராங்க்ளின் எரிவாயு மேடையில் 2016 டிசம்பர் 28 அன்று கட்டுப்பாடு இழந்து திரும்பியபடி இறங்கிய எஸ்-92 ஹெலிகாப்டரில், வால் சுழலித் தண்டின் பேரிங் கெடுவதற்கான அடையாளம் பதிவில் முன்தினமே இருந்தும், சோதித்தவர் கண்ணுக்குத் தப்பிவிட்டது. ஒருவருக்கும் காயமில்லை; அது தெய்வாதீனம்.

லெஸ்டர் பேரிங் எதிர்பார்த்ததற்கு வெகு முன்பே கெட்டதே, மணிக்கணக்கு என்ன காப்பாற்றியது என்று கேட்பது மட்டும் நியாயமான ஆக்ஷேபம். ஆயினும் அது கணக்கை ஒழிக்கச் சொல்லவில்லை, திருத்தச் சொல்கிறது; திருத்துவதற்கு ஆதாரமோ, வேளை வந்து கழற்றிய பாகத்தைப் பழைய இரும்போடு சேர்த்துவிடாமல், பிரித்து அறுத்துப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்ப்பதில்தான் கிடைக்கிறது.